பிளேட்டுக்குப் பின்னால் குந்தியவள்

எனக்கு அந்த இடம் கிடைத்ததற்கு என் உடம்புதான் காரணம். திறமை பிறகு வந்தது, அதுவும் அரைகுறையாக.

பாப்பாரப்பட்டிப் பக்கம் நான் படித்த அரசுப் பெண்கள் பள்ளிக்குப் புதிதாக ஒரு பி.டி. மிஸ் வந்தார். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. எங்கேயோ ஓர் அலுவலகத்தில் கேட்பாரற்றுக் கிடந்ததென்று ஒரு சாக்குப்பை நிறையச் சாமான்களை வாங்கிவந்து மைதானத்தில் கொட்டினார். கனமான தோல் கிளவுஸ்கள், உருண்டையான மட்டைகள், சிவப்பு நூலால் தைத்த வெள்ளைப் பந்துகள். கூடவே கம்பி வைத்த முகமூடி ஒன்று, மார்பில் கட்டிக்கொள்ளத் தலையணை போல ஒன்று, கால்களுக்கு இரண்டு கவசம். பேஸ்பால் என்றார். எங்களில் ஒருத்தியும் அந்த விளையாட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. மிஸ்ஸுக்கும் ஏதோ ஒரு பயிற்சி முகாமில் கற்றதுதான்.

ஒல்லியான பெண்களை ஓடவிட்டுப் பார்த்தார். கை நீளமானவர்களை எறியவிட்டுப் பார்த்தார். என்னை ஓடவும் சொல்லவில்லை, எறியவும் சொல்லவில்லை. மேலும் கீழும் ஒருமுறை பார்த்துவிட்டு, “நீ வாம்மா. இதெல்லாம் கட்டிக்கிட்டுப் பின்னாடி குந்து” என்றார்.

வகுப்பே சிரித்தது. மார்புக் கவசத்தின் வார் என் முதுகைச் சுற்றி எட்டவில்லை. சாக்குப்பை கட்டியிருந்த சணல் கயிற்றையே எடுத்து முடிச்சுப் போட்டார்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மட்டை பிடிப்பவளுக்கு முன்னால், தரையில், ஐந்து மூலையுள்ள ஒரு வெள்ளைப் பலகை கிடக்கும். அதற்கு ஹோம் பிளேட் என்று பெயர். அதற்குப் பின்னால் ஆட்டம் முழுக்கக் குந்தியிருப்பவள்தான் கேட்சர். எதிரே நின்று பிட்சர் எறியும் ஒவ்வொரு பந்தையும் அவள் பிடிக்க வேண்டும். எந்த மாதிரிப் பந்து வேண்டுமென்று விரலால் சைகை காட்ட வேண்டும். அந்தச் சைகை எதிரணிக்குத் தெரியக்கூடாது என்பதால் இரண்டு தொடைக்கும் நடுவில் கையை வைத்துத்தான் காட்ட வேண்டும். மைதானத்தில் மற்ற எல்லோரும் ஒரு பக்கம் பார்த்து நிற்க, அவள் மட்டும் எதிர்ப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பாள்.

பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டு சுவர் இடுப்புயரம்தான். அதற்கு அந்தப் பக்கம் பஸ் நிற்கும் இடம். நான் கால்களை அகட்டிக் குந்தி, தொடை நடுவில் விரலை ஆட்டிக்கொண்டிருப்பதைப் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். யாரோ போய் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள்.

“வயசுக்கு வந்த பொண்ணு, ஊரே பாக்கற எடத்துல இப்பிடியா குந்துவ?” என்றாள் அம்மா. “தக்காளி பொறுக்கறப்பகூட நாங்க பொடவய இழுத்து வுட்டுக்கிட்டுத்தான் குந்தறம்.”

அவள் சொன்னது எனக்கும் தோன்றியதுதான். ஆனால் வீட்டில் யாருக்கும் சொல்லாத ஒன்று எனக்கு இருந்தது. அந்த முகமூடியைப் போட்டுக்கொண்டால் என் முகம் யாருக்கும் தெரியாது. உடம்பு தெரிந்தால் தெரியட்டும், அது யாருடையதோ என்று இருந்துவிடலாம். அந்த ஒரு காரணத்துக்காகவே மறுநாளும் போய்க் குந்தினேன்.

அப்பாவுக்கு இதிலெல்லாம் எந்தச் சங்கடமும் இல்லை. எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. அதைத் தவிர அப்பா, எல்லோரும் ‘சின்ன யானை’ என்று சொல்லும் குட்டி லாரி ஒன்றை ஓட்டினார். தக்காளிப் பெட்டி ஏற்றிக்கொண்டு பாலக்கோடு, தர்மபுரி, சேலம் என்று மண்டி மண்டியாகப் போவார். அவருக்குத் தெரியாத டீக்கடை கிடையாது. உரக்கப் பேசுவார், உரக்கச் சிரிப்பார். இரண்டு விரலை நாக்குக்கு அடியில் மடித்து அவர் விசில் அடித்தால் அடுத்த ஊரில் நாய் எழுந்து நிற்கும் என்பார்கள். சினிமாக் கொட்டகையில் அவர் விசிலடித்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தைரியம் வருமாம். “எம் பொண்ணு அமெரிக்கா வெளையாட்டு ஆடறா” என்று போகிற இடமெல்லாம் சொல்லிவைத்திருந்தார். விளையாட்டின் பெயர் அவர் வாயில் நுழையவில்லை.

மாவட்ட அணி அமைத்தபோது பொம்மிடிப் பள்ளியிலிருந்து ஒருத்தி வந்தாள். பனைமரம் மாதிரி உயரம், பேச்சு குறைவு. அவள்தான் பிட்சர். முதல் நாள் அவள் எறிந்த பந்து என் கிளவுஸுக்குள் வந்து மோதிய சத்தத்தில் மைதானத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் உள்ளங்கை ரத்தம் கட்டிக் கருநீலமாகிவிட்டது. நான் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் யார் சிரிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே சைகை காட்டியதை அவள் கவனித்திருக்கிறாள். பந்தை வாங்க வந்தபோது மெதுவாகச் சொன்னாள்.

“நீ வெரல காட்டு, நான் போடறன். மத்தவங்கள பாக்காத.”

அதன்பிறகு பல வருடங்கள் நாங்கள் ஜோடி. அவள் பந்து போட நான் பிடித்தேன். வலது கை விரல்களில் இரண்டு பிசகிக் கோணலாகவே கூடிவிட்டன. அதை வைத்து அம்மாவிடம் வேறு பேச்சு வாங்கினேன். இருந்தாலும் மாவட்டங்களுக்கு இடையே நடந்த மாநிலப் போட்டியில் நாங்கள் இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டோம். ஆட்டம் சேலத்தில். அப்பா அன்றைக்கு மண்டியில் பெட்டிகளை இறக்கிவிட்டு வண்டியோடு நேராக மைதானத்துக்கு வந்தார். வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். நான் ஆடுவதை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

ஆட்டம் கடைசிவரை சமமாகவே போனது. கடைசிச் சுற்றில் எதிரணி மட்டை பிடித்தது. ஓடுகிறவர்கள் தொட்டுத் தொட்டு வர வேண்டிய மூன்று நிலைகளில் கடைசியான மூன்றாவது பேஸில் அவர்களுடைய ஒருத்தி நின்றாள். அங்கிருந்து ஓடிவந்து ஹோம் பிளேட்டை மிதித்துவிட்டால் அவர்களுக்கு வெற்றி. இன்னும் ஒருத்தியை அவுட்டாக்கினால் எங்களுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். நான் தாழ்வான பந்து கேட்டு விரல் காட்டினேன். பொம்மிடிக்காரி தலையசைத்தாள். நான் கேட்ட இடத்துக்கேதான் போட்டாள். அதில் அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. பந்து பிளேட்டுக்கு முன்னால் தரையைத் தொட்டு வந்தது. நான் முழங்காலை இறக்கி உடம்பால் அடைத்திருக்க வேண்டும். கையை மட்டும் நீட்டினேன். கிளவுஸுக்கு அடியில் புகுந்து, காலுக்கு நடுவே போய், பின்னால் இருந்த வலை வரை உருண்டுவிட்டது.

நான் முகமூடியைக்கூடக் கழற்றாமல் பந்தைத் துரத்தி ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது மூன்றாவது பேஸில் நின்றவள் பிளேட்டை மிதித்துவிட்டுக் குதித்துக்கொண்டிருந்தாள். ஒரே கூச்சல். அந்தக் கூச்சலுக்கு மேலே, நீளமாக, யாரையும்விட உரக்க ஒரு விசில் கேட்டது.

எனக்கு அந்த விசில் தெரியும்.

அப்பா எதிரணிப் பெற்றோர்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். மைதானத்துக்குள் வரும்போது எந்தப் பக்கம் நிழல் இருந்ததோ அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். அவர்கள் குதித்தபோது அவரும் குதித்திருக்கிறார். பக்கத்தில் இருந்தவர் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். நான் அவர்களை நோக்கி நடந்தேன்.

“உங்க பொண்ணும் டீம்லதான் இருக்காளாங்க?” என்று அவர் கேட்டது எனக்குக் கேட்டது.

“ஆமாங்க. அந்தா வருது பாருங்க, மூஞ்சில கூண்டு மாட்டிக்கிட்டு. அதான் எம் பொண்ணு.”

அந்த மனிதர் என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். குலுக்கிக்கொண்டிருந்த கை மெதுவாகத் தளர்ந்து விலகியது. அவர் நல்ல மனிதர். ஒன்றும் சொல்லாமல் கும்பலுக்குள் போய்விட்டார். அப்பாவின் கை மட்டும் நீட்டியபடியே கொஞ்ச நேரம் இருந்தது.

“என்ன பாப்பா, செயிச்சிட்டமா?”

“இல்லப்பா. தோத்துட்டம்.”

“தோத்துட்டமா? அப்புறம் எதுக்கு எல்லாரும் கத்தறாங்க?”

“அவங்க செயிச்சதுக்குக் கத்தறாங்க. பந்து எங்கிட்டதான் வந்துச்சு. நான் வுட்டுட்டன்.”

அவர் சுற்றிலும் பார்த்தார். கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் எந்த நிறச் சட்டை போட்டிருக்கிறார்கள் என்று அப்போதுதான் கவனித்தார் என்று நினைக்கிறேன். வேட்டியில் விரல்களைத் துடைத்துக்கொண்டார். விசிலடித்த எச்சில்.

திரும்பி வரும்போது தொப்பூர் மலைப்பாதையில் ஒரு லாரி சாய்ந்து கிடந்தது. வண்டிகள் நெடுகிலும் நின்றன. நாங்கள் இருவரும் அந்தச் சின்ன இருக்கையில், தோள் இடிக்க, போகவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தோம். பின்னால் காலிப் பெட்டிகள் காற்றில் தடதடத்தன. வெகுநேரம் கழித்து அப்பா கேட்டார்.

“ஒருவாட்டி உங்கைய வுட்டுப் போயிடுச்சின்னா, மூணாவதுல நிக்கறவ ஓடியாந்துரலாமா?”

“ஆமாப்பா.”

“நீ மத்ததெல்லாம் புடிச்சியே. நான் பாத்தனே. அதுக்குக் கணக்கு இல்லியா?”

“அதெல்லாம் புடிக்கறதுதான் வேல. அதுக்குக் கணக்கு இல்ல.”

அவர் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டிருந்தார். “வெளையாட்டு தெரியாதவன் வாய மூடிக்கிட்டு இருக்கணும்” என்றார். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் தன்னைச் சொல்லிக்கொண்டார்.

அதன்பிறகும் அவர் ஆட்டங்களுக்கு வந்தார். வராமல் இருந்திருந்தால் என் பாடு லேசாகியிருக்கும். விசில் அடிப்பதை நிறுத்திவிட்டார். நான் முகமூடிக் கம்பிகளுக்கு ஊடாகப் பார்ப்பேன். ஒவ்வொரு பந்துக்கும் அப்பா ஆட்டத்தைப் பார்க்கமாட்டார், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களின் கைகளைப் பார்ப்பார். எங்கள் பக்கத்துத் தாய்மார்கள் தட்டினால், அரை நொடி பொறுத்து, அவரும் தட்டுவார். அவர்கள் உச்சுக் கொட்டினால் அவரும் தலையை அசைப்பார். மண்டியில் ஏலக்காரனையே அதட்டிப் பேசுகிற மனிதர், முன்பின் தெரியாத பெண்களைப் பார்த்துப் பார்த்துக் கை தட்டினார். பந்தை நழுவவிட்டதைவிட அதுதான் என்னை அதிகம் குன்ற வைத்தது. ஓர் ஆளின் சத்தத்தை நான் எடுத்துக்கொண்டேன் என்று தோன்றும்.

கல்லூரி முடியும் சமயத்தில் கோயம்புத்தூரில் ஒரு கிளப் என்னை எடுத்துக்கொண்டது. ஆலை நடத்தும் ஒருவர் ஆசைக்காக வைத்திருந்த பெண்கள் குழு. தங்க அறை கொடுத்து மாதாமாதம் சம்பளமும் கொடுத்தார்கள். பொம்மிடிக்காரியை அவர்கள் கூப்பிடவில்லை. அவள் தோளில் அதற்குள் வலி வந்திருந்தது. பந்து போட்டவள் வீட்டில் இருக்க, அதைப் பிடித்தவள் சம்பளத்துக்குப் போனேன். வழியனுப்ப வந்தவள், “நல்லா சாப்புடு. எளச்சிட்டா ஒன்ன எவ கேட்சர்னு நம்புவா?” என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கிளப்பில் நான் நன்றாகவே ஆடினேன். இதைச் சொல்லக் கூச்சமாக இருந்தாலும் உண்மை அதுதான். இரண்டாவது பேஸுக்கு ஓடுகிறவளைக் குந்திய நிலையிலிருந்து எழுந்து எறிந்து அவுட்டாக்க எனக்கு வந்துவிட்டது. தரையில் மோதி வரும் பந்தை உடம்பு கொடுத்து அடைக்கவும் வந்துவிட்டது. அந்தப் பருவம் மாநில அணிக்கும் ஆடினேன், அது முடிந்ததும் இந்திய அணிக்கு ஆள் எடுக்கும் முகாமுக்கு அழைப்பு வந்தது. வடக்கே, குளிர் ஊர்.

நான் ரயில் ஏறின மறுநாள் அம்மாவின் தம்பி, என் மாமா, பாப்பாரப்பட்டி பஸ் நிறுத்தத்தில் ஒரு பிளெக்ஸ் வைத்துவிட்டார். போட்டோவை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நான் பேஸ்பால் உடையில் இருக்கும் படம் அவர்களிடம் இல்லை. பிளெக்ஸ் கடைக்காரர் இணையத்தில் தேடி, ஏதோ ஒரு வெள்ளைக்கார கேட்சரின் படத்தை எடுத்து அதன் கழுத்துக்கு மேல் என் கல்லூரி அடையாள அட்டை முகத்தை ஒட்டியிருந்தார். ஆண் உடம்பு. முழங்கை நெடுக மஞ்சள் ரோமம். எண்ணெய் வைத்துச் சீவி, பொட்டு வைத்த என் முகம் அதன்மேல் சிரித்துக்கொண்டிருந்தது. கீழே, ‘இந்திய அணிக்குச் செல்லும் எங்கள் தங்கமே’ என்று எழுதி, மாமாவின் நண்பர்கள் எல்லோருடைய படமும் வரிசையாக.

“எப்பிடி இருக்குது?” என்று கேட்டார் மாமா போனில்.

“இன்னும் எடுக்கவே இல்ல மாமா. முகாமுக்குத்தான் கூப்ட்டிருக்காங்க.”

“எடுக்காம எங்க போவாங்க? நீ போயி ஆடு சாமி.”

முகாமில் மூன்று கேட்சர்கள் இருந்தோம், இரண்டு பேருக்குத்தான் இடம். பேச்செல்லாம் இந்தியில் நடந்தது. எனக்குப் பாதி புரியும், மீதியை மற்றவர்கள் முகம் பார்த்துத் தெரிந்துகொள்வேன். அப்பா கை தட்டுவதற்கும் நான் தலையாட்டியதற்கும் அங்கே பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. காலையில் பந்து கல் மாதிரி இருக்கும். ஒவ்வொரு பிடிக்கும் எலும்பு வரை வலிக்கும். என்னால் முடிந்ததையெல்லாம் செய்தேன்.

கடைசி நாள் எங்களை மைதானத்தில் வரிசையாக உட்காரவைத்தார்கள். பயிற்சியாளர் பெயர்களை வாசித்தார். பெயர் வந்தவர்கள் எழுந்து முன்னால் போய் நிற்க வேண்டும். முகாமில் என் பெயருள்ளவள் இன்னொருத்தியும் இருந்தாள். கேரளத்துப் பெண், தூரத்தில் நின்று பந்து பிடிக்கும் அவுட்ஃபீல்டர். எங்கள் வயதில் வகுப்புக்கு இரண்டு பேருக்காவது இருக்கும் பெயர் அது. பயிற்சியாளர் இனிஷியல் இல்லாமல் வாசித்தார்.

நான் எழுந்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவள் என் முதுகில் தட்டிக்கொடுத்தாள். முன்னால் போய், ஏற்கெனவே நின்றவர்களோடு சேர்ந்து நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதைத் துடைக்கக்கூட இல்லை. பயிற்சியாளர் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில், “நீயில்லை” என்றார். அந்த இந்தி எனக்கு நன்றாகப் புரிந்தது.

வரிசையில் கேரளத்துப் பெண் எழலாமா வேண்டாமா என்று பாதி எழுந்த நிலையில் நின்றாள். நான் திரும்பி நடந்தேன். ஏழெட்டு அடிதான் இருக்கும். என் இடத்தில் வந்து உட்கார்ந்தேன். என்னைக் கடந்து முன்னால் போனபோது அவள் குனிந்து என் தோளைத் தொட்டு, “ஸாரி சேச்சி” என்றாள். தன் பெயர் வந்ததற்கு அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. மீதிப் பெயர்களை வாசித்து முடிக்கும் வரை நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முகமூடி என் பைக்குள் இருந்தது. அதை எடுத்து மாட்டிக்கொண்டால் என்ன என்று பைத்தியம் போல நினைத்தேன்.

அம்மாவுக்குப் போன் செய்து, “பேரு வரல” என்று மட்டும் சொன்னேன். எந்த நாள், எந்த ரயில் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சென்னையில் மாறி ஏறிய ரயிலில், மொரப்பூரில் இறங்க வேண்டியவள் எழவே இல்லை. அங்கே இறங்கினால் தர்மபுரி பஸ்ஸில் நிச்சயம் தெரிந்த முகம் இருக்கும். தர்மபுரியிலிருந்து பாப்பாரப்பட்டி, பாப்பாரப்பட்டியில் இறங்கினால் எதிரே அந்தப் பிளெக்ஸ். பொம்மிடி வந்ததும் இறங்கினேன். போன் செய்திருந்தேன், பொம்மிடிக்காரி ஸ்கூட்டரோடு நின்றாள். என் பையை வாங்கிக்கொண்டாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக்குப் போனதும், “குளிச்சிட்டு வா, சோறு போடறன்” என்றாள். அவ்வளவுதான்.

சில நாள் அங்கேயே கிடந்தேன். அவள் தன் அம்மாவிடம், “அவளுக்கு லீவு” என்று சொல்லிவைத்திருந்தாள்.

ஒரு மத்தியானம் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. அப்பாவின் வண்டி எனக்குத் தெரியும், சைலன்சரில் ஓட்டை. எட்டிப் பார்த்தேன். வண்டியில் தக்காளி லோடு. லோடின் மேல் வெயிலுக்கு மறைப்பாகப் பிளெக்ஸ் ஒன்றைப் போட்டுக் கயிறு கட்டியிருந்தார். எழுத்தும் படமும் உள்பக்கம் இருக்கும்படி கவிழ்த்துத்தான் போட்டிருந்தார். ஆனால் வழியில் காற்று ஒரு மூலையைப் புரட்டியிருந்தது. மஞ்சள் ரோமம் உள்ள கை ஒன்றும், என் முகத்தில் பாதியும் வெளியே தெரிந்தன. தெருவில் இரண்டு பெண்கள் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பா இறங்கி வந்தார். என் பார்வை போன இடத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகப் போய் மூலையை இழுத்து மடித்துச் செருகினார்.

“ஒங்கம்மாதான் இங்க இருப்பன்னு சொன்னா” என்றார். பிறகு, “நாந்தான் கழட்டனன்” என்றார்.

“மாமா ஒண்ணும் சொல்லலியா?”

“சொன்னான். பஸ்ஸுக்கு நின்னவங்கல்லாங்கூடக் கேட்டாங்க, ஏங்க கழட்டறீங்கன்னு. ஏணி போட்டு ஏறி நிக்கறன், கீழ பத்துப் பேரு நின்னு கேக்கறாங்க.”

“என்ன சொன்னீங்க?”

“பேரு வரலீங்க, அதான் கழட்டறன்னு சொன்னன். வேற என்னா சொல்றது?”

நான் வருவதற்குள், நான் சொல்ல வேண்டியிருந்ததை அவர் ஏணி மேல் நின்று ஊருக்குச் சொல்லி முடித்திருந்தார். பட்டப்பகலில், பஸ் நிறுத்தத்தில், எல்லோரும் அண்ணாந்து பார்க்க. அதை நினைத்தபோது எனக்கு நன்றி வரவில்லை. உடம்பெல்லாம் கூசியது. என் அவமானத்தை நானே பட்டிருக்கலாமே என்று இருந்தது.

“நல்ல பிளெக்ஸு. கெட்டியா இருக்குது. தூக்கிப்போட மனசு வரல” என்றார், மன்னிப்புக் கேட்பது மாதிரி. பொம்மிடிக்காரி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். அவள் சிரிக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அப்பாவுக்கும் தெரிந்தது. அவர் உதடு லேசாகக் கோணியது. எனக்கும் வந்துவிட்டது. அழுதுகொண்டே சிரித்தேன், மூக்கு ஒழுக.

வழியில் அவர் ஒன்றுதான் கேட்டார். “ஒன் வெசயத்துல தப்பு ஏதாச்சும் நடந்துச்சா? இல்ல, அவங்க நெசமாவே ஒன்னவிட நல்லா ஆடனாங்களா?”

“நெசமாவே நல்லா ஆடனாங்கப்பா.”

“அப்ப சரி” என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு இன்னொரு தடவையும், “சரி” என்றார்.

பிறகும் கிளப்புக்குத் திரும்பிப் போய் ஆடினேன். ஒரு மட்டை நுனி உரசி வந்த பந்து வலது கட்டைவிரலைப் பெயர்த்துவிட்டது. தையல் போட்டு, கம்பி வைத்து, ஆறிய பிறகு பார்த்தால் பந்தை இறுக்கிப் பிடிக்க முடியவில்லை. முட்டியும் போய்விட்டது. குந்தினால் எழ ஆள் வேண்டும். கிளப்பில் யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. புதிதாக ஒருத்தியை எடுத்தார்கள், நான் அவளுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த வருடம் முடிந்ததும் நானே பெட்டியைக் கட்டினேன்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை தேடிப் போன இடங்களில் சான்றிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இது எல்லாம் நம்ம லிஸ்ட்ல வராதும்மா” என்றார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் காபித் தட்டை நீட்டிய என் விரல்களைப் பார்த்தார்கள். அடுத்த வீட்டார் வருவதாகச் சொன்னபோது அம்மா தட்டை அத்தையிடம் கொடுத்துவிட்டாள். நான் கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த இடமும் அமையவில்லை. பிறகு நெடுஞ்சாலையில் ஒரு சுங்கச்சாவடியில் வேலை கிடைத்தது. இப்போது அங்கேதான் இருக்கிறேன். கூண்டுக்குள் நாற்காலி போட்டு உட்காரும் வேலை. முட்டிக்கு நல்லது.

போன மகளிர் தினத்தன்று அங்கே ஒரு சிறிய விழா வைத்தார்கள். என்னோடு வேலை செய்யும் பெண் ஒருத்தி போனில் எதையோ தேடப்போய், நான் முகாமுக்குப் போன சமயத்துச் செய்தி ஒன்றைக் கண்டுபிடித்து மேனேஜரிடம் காட்டியிருக்கிறாள். எனக்குத் தெரியாது. மேனேஜர் மைக்கைப் பிடித்து, “நம்ம சாவடியில ஒரு நட்சத்திரம் ஒளிஞ்சிருக்கு. இந்திய அணிக்காக விளையாடின முன்னாள் பேஸ்கட்பால் வீராங்கனை...” என்று என் பெயரைச் சொன்னார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழவில்லை. என் பெயர்தானா என்று ஒருமுறை யோசித்தேன். பக்கத்தில் இருந்தவள் பிடித்துத் தள்ளிய பிறகுதான் எழுந்து போனேன். மேனேஜர் சால்வையைப் பிரித்தார். அவர் கையிலிருந்த மைக்கை வாங்கினேன்.

“சார், ஒரு நிமிஷம். நான் இந்திய அணியில ஆடல. முகாமுக்குக் கூப்ட்டாங்க. அங்கிருந்து திருப்பி அனுப்பிட்டாங்க. அப்புறம் அது பேஸ்கட்பால் இல்லீங்க, பேஸ்பால்.”

மைக் வழியாக என் குரல் லாரிகள் வரை கேட்டது. மேனேஜர் பிரித்த சால்வையை இரண்டு கையிலும் பிடித்தபடி நின்றார். இதுமாதிரி ஒன்று அவருக்கு நடந்ததில்லை போல.

“அப்ப... இதப் போடறதாங்க, வேண்டாங்களா?” என்று தணிந்த குரலில் கேட்டார்.

எனக்கும் தெரியவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் எங்கேயும் ஓடத் தோன்றவில்லை.

“போடுங்க சார்” என்றேன். “மாநிலத்துக்கு ஆடியிருக்கன். கேட்சர்.”

போட்டார். போட்டோ எடுத்தார்கள். மூன்றாவது லேனில் வண்டி நிற்கிறதென்று யாரோ கத்தினார்கள். அது என் லேன்தான். சால்வையைக் கழற்ற நேரமில்லாமல் அப்படியே போய்க் கூண்டில் உட்கார்ந்தேன். ஃபாஸ்டேக் அட்டை வேலை செய்யாத ஒரு லாரி நின்றது. டிரைவர் நோட்டை நீட்டியபடி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“என்னாம்மா, சால்வையெல்லாம்? எதுக்கு?”

“வெளையாட்டுக்குங்கண்ணா.”

“நீயா? என்னா வெளையாட்டு?”

“பேஸ்பால்.”

“அப்பிடின்னா?”

சொல்லத் தொடங்கினேன். பிளேட், பிட்சர், பின்னால் குந்தியிருப்பவள் என்று பாதிதான் சொல்லியிருப்பேன். பின்னால் நின்ற பஸ் ஹாரனை அமுக்கிப் பிடித்தது. மீதிச் சில்லறையை அவர் கையில் வைத்துத் தடுப்பைத் தூக்கினேன். “திரும்பி வரப்ப சொல்றங்கண்ணா, போங்க” என்றேன். லாரி தொப்பூர் இறக்கத்தைப் பார்த்துப் போனது.